நம்ம தெரு மரங்களை நாலு பேர் சேர்ந்து கண்காணிக்கிறது எப்படி

வாரத்துக்கு ஒருத்தராவது ஒரு பழுத்த இலையை உள்ளங்கையில வச்சு போட்டோ எடுத்து அனுப்பி "சார் இது என்ன நோய், என்ன மருந்து அடிக்கணும்"னு கேக்குறாங்க. எந்த மரம், எந்த தெரு, மரத்துல எவ்வளவு பங்கு இப்படி இருக்கு, எப்போ ஆரம்பிச்சது, பக்கத்து மரத்துலயும் இருக்கா, சமீபத்துல அடியில யாராவது பள்ளம் தோண்டினாங்களா, இதெல்லாம் தெரியாம ஒரு இலையை மட்டும் பார்த்து மருந்து பேர் சொல்றவங்ககிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க. நான் தோட்டக்கலை படிச்சவன், மயிலாப்பூர் பக்கம் 4 தெரு, 52 மரம், இதை மட்டும் மாசாமாசம் பார்க்குற ஒரு சின்ன குரூப்ல இருக்கேன், கூட ஒரு ரிட்டயர்டு வனக்காவலர், பூச்சியியல் படிக்கிற ஒரு பொண்ணு, ரெண்டு குடியிருப்போர் சங்கத்து ஆளுங்க. நாங்க தப்பு பண்ணி கத்துக்கிட்டதை தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஏன் சேர்ந்து பண்ணணும்னா, சென்னையில ஒரு தெரு மரம் பல பேர் கையில மாட்டிக்கிட்டு இருக்கு. மரம் மாநகராட்சி பூங்கா துறை பொறுப்பு, மேல போற வயர் மின்வாரியம், வேரை ஒட்டி ஓடுற வடிகால் வேற பிரிவு, குடிநீர் குழாய் இன்னொருத்தர், காம்பவுண்டுக்குள்ள இருந்தா வீட்டுக்காரர், கிண்டி தேசியப் பூங்கா மாதிரி இடம்னா வனத்துறை. பூச்சி பத்தி தெரிஞ்சவங்க காலேஜ்ல இருக்காங்க, அவங்களுக்கு உங்க தெருவுல என்ன நடக்குதுன்னு தெரிய வழியே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு தெரியும், முழு மரத்தோட கதை யார்கிட்டயும் இல்ல. அந்தக் கதையை எழுதி வைக்கிற வேலை தான் நம்மளோடது, வைத்தியம் பார்க்குறது அடுத்து தான்.

சின்னதா ஆரம்பிங்க. வார்டு முழுக்க எடுக்காதீங்க, சத்தியமா சொல்றேன், ஆறாவது வாரம் எல்லாரும் காணாம போயிடுவாங்க. சென்னையில 200 வார்டு இருக்கு, ஒரு வார்டுலயே ஆயிரக்கணக்குல மரம் இருக்கும். 40ல இருந்து 60 மரம், நடந்தா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல முடியணும், அவ்வளவு தான்.

நம்பர் போடணும், ஆனா ஆணி அடிச்சு தகரம் மாட்டாதீங்க, மரத்தைக் காப்பாத்த வந்தவங்களே ஓட்டை போட்டா எப்படி. ஃபோன் ஜிபிஎஸ் பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்கு கீழ நின்னா சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதனால பக்கத்து மரத்தோட குழம்பிடும். நாங்க கதவு எண் வச்சு தான் எழுதுறோம்: "12-ம் நம்பர் எதிர்ல, டிரான்ஸ்பார்மர்ல இருந்து ரெண்டாவது, புங்கை." டிரான்ஸ்பார்மர் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது. கூடவே தண்டோட சுற்றளவு, தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல, தையல் டேப் போதும். ஏன் அந்த உயரம்னா நம்ம ஊர் வனத்துறை அளக்குறது அதே உயரத்துல தான், நாளைக்கு உங்க கணக்கை அவங்க கணக்கோட ஒப்பிடலாம்.

ஆள் சேர்க்கும்போது மரம் பத்தி பேசுறவங்களை விட மரத்துக்கு கீழ நிக்கிறவங்களைப் பிடிங்க. இஸ்திரி வண்டி அண்ணன், பூக்கார அம்மா, அபார்ட்மென்ட் வாட்ச்மேன், எல்லாத்துக்கும் மேல தினமும் தெரு கூட்டுற தூய்மைப் பணியாளர்கள். எங்க தெருவுல ஒரு பூவரசு, மாசாமாசம் மரக்கணக்கு எழுதுற எங்க ஷீட்ல ரெண்டு மாசமா "நல்லா இருக்கு"ன்னு தான் எழுதியிருந்தோம், கூட்டுற அக்கா ஒரு நாள் நிறுத்தி "தம்பி, இந்த மரம் மட்டும் ஒரு மாசமா பச்சை இலையா கொட்டுதுப்பா, பழுத்தது விழுந்தா பரவாயில்ல, இது பச்சையா விழுது"ன்னாங்க. சுத்தி வந்து பார்த்தா பின்பக்கம் வடிகாலுக்கு தோண்டினப்போ தொடை தண்டி வேர் ஒண்ணை வெட்டி சிமென்ட் போட்டு மூடியிருக்காங்க. அக்காவுக்கு தெரிஞ்சது எங்க அஞ்சு பேருக்கும் தெரியல, அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை அவங்ககிட்ட கேட்டு எழுத ஷீட்ல ஒரு தனி கட்டமே போட்டுட்டோம். இந்த வேர் வெட்டு விஷயம் ரொம்ப ஏமாத்தும், வெட்டின உடனே எதுவும் தெரியாது, சில சமயம் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு தான் உச்சிக் கிளை காயும், அப்போ எல்லாரும் பூச்சியைத் தேடுவாங்க. அதனால எந்த தெருவுல எந்த மாசம் பள்ளம் தோண்டினாங்கன்னு ஒரு வரி எழுதி வைங்க.

மரத்தைப் பார்க்குற முறை

கீழ இருந்து மேல பாருங்க, எல்லாரும் இலையில ஆரம்பிக்கிறது தான் தப்பு. அடியில நின்னு முதல்ல வேர்ப்பகுதி: சிமென்ட் தண்டை இறுக்கி இருக்கா, குப்பை எரிச்ச கருப்பு இருக்கா, கரையான் மண்பாதை ஏறுதா, அடித்தண்டுல தட்டு மாதிரி கெட்டியா பளபளப்பா செம்பழுப்பு காளான் ஒட்டிக்கிட்டு இருக்கா. அந்தக் காளான் பெரும்பாலும் கேனோடெர்மா, தென்னையில தஞ்சாவூர் வாடல்னு நம்ம விவசாயிங்க சொல்றது இதே குடும்பம் தான், குல்மோஹர், வாகை மாதிரி மரங்கள்லயும் வரும். தட்டு வெளிய தெரியுதுன்னாலே உள்ள அழுகல் ரொம்ப தூரம் போயிருக்கும், மேல இலை பச்சையா தழதழன்னு இருந்தாலும் நம்பாதீங்க, போட்டோ எடுத்து அன்னிக்கே துறைக்கு சொல்லணும். தட்டை உடைச்சு எறிஞ்சா நோய் போகாது, அடையாளம் தான் போகும், வர்றவருக்கு காட்ட எதுவும் இருக்காது.

அப்புறம் தண்டு. பட்டை மேல மரத்தூளும் எச்சமும் நூலாம்படையில ஒட்டி ரிப்பன் மாதிரி நெளிநெளியா போச்சுன்னா அது பட்டை தின்னும் புழு, பகல்ல தண்டுக்குள்ள ஓட்டையில ஒளிஞ்சுக்கும், ராத்திரி அந்த ரிப்பனுக்கு அடியில வந்து பட்டையைக் கடிக்கும். மா, கொய்யா, குல்மோஹர்ல சாதாரணமா பார்க்கலாம். அப்புறம் ரப்பர் சுத்தியால நாலு பக்கம் தட்டிக் கேளுங்க, திடமான மரம் "டக்"குங்கும், பொந்து இருந்தா டமாரம் மாதிரி அதிரும். ஆனா பொந்து இருக்குன்னதும் "மரம் விழப்போகுது"ன்னு குரூப்ல பீதி கிளப்பாதீங்க, பொந்தோட பல வருஷம் நிக்கிற மரம் எத்தனையோ இருக்கு, அதுல தான் கிளியும் ஆந்தையும் குடும்பம் நடத்துது, எவ்வளவு ஆபத்துன்னு சொல்றது அனுபவப்பட்டவங்க வேலை.

கடைசியா தான் கிளையும் இலையும். உச்சி எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு 0ல இருந்து 4 வரைக்கும் மார்க் போடுவோம்: ஒண்ணும் இல்லன்னா 0, கால் பங்கு வரைக்கும் 1, பாதி வரைக்கும் 2, முக்கால் வரைக்கும் 3, அதுக்கு மேல 4. முதல் ரெண்டு மாசம் ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போட்டு அப்புறம் ஒப்பிடுங்க, நீங்க 1 போட்டதுக்கு பக்கத்துல நிக்கிறவர் 3 போட்டிருப்பார், சண்டை வரும், வரட்டும், அந்த சண்டையில தான் கண்ணு பழகும். இலையை எட்டுற கிளையில திருப்பி அடிப்பக்கம் பாருங்க, 10 மடங்கு பெருசா காட்டுற கைலென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஃபோன் கேமராவை அது மேல வச்சாலே பூச்சி படம் தெளிவா வரும். எல்லாம் சேர்த்து ஒரு மரத்துக்கு ரெண்டு நிமிஷம் தான்.

எல்லாரும் விடுற ஒரு விஷயம்: ஒண்ணும் இல்லன்னாலும் "ஒண்ணும் இல்ல"ன்னு தேதியோட எழுதணும். வெள்ளை ஈ நவம்பர்ல வந்துச்சுன்னு சொல்லணும்னா அக்டோபர்ல இல்லன்னு எழுதி இருந்தா தான் அந்த நவம்பருக்கு மதிப்பு. பிரச்சனையை மட்டும் போட்டோ எடுக்குற குரூப்கள் வருஷக் கடைசியில ஆயிரம் போட்டோ வச்சிருப்பாங்க, அதுல இருந்து ஒரு பதிலும் எடுக்க முடியாது.

பயப்பட வேண்டாதது

புங்கை இலை மேல பச்சையா புடைப்பு புடைப்பா இருக்கறதைப் பார்த்து மரத்தையே வெட்டச் சொன்னவங்களை எனக்குத் தெரியும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பண்ற வேலை, அசேரியா பொங்கேமியேன்னு பேர், பார்க்க அம்மை போட்ட மாதிரி இருக்கும், மரம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஏழிலைப்பாலை இலையில வர்ற முண்டும் இதே மாதிரி ஒரு குட்டிப் பூச்சியோடது, பெரிய மரத்துக்கு கவலை இல்ல. வாதுமை மரத்துல இலை செக்கச்செவேல்னு ஆகி கொட்டினா அது நோய் இல்ல, அதோட குணம். மாசி பங்குனியில வேம்பும் தூங்குமூஞ்சியும் இலை உதிர்க்கிறதும் அப்படித்தான். பட்டையில சாம்பல் பச்சையா படர்ற பாசிப்படலத்தை சுரண்டவே சுரண்டாதீங்க. முசுறு எறும்பு இலையைத் தைச்சு கூடு கட்டியிருந்தா அது பாதி காவல்காரன், ஆனா அது செதில் பூச்சியையும் மாவுப்பூச்சியையும் மாடு மாதிரி வளர்க்கும், அதனால எறும்பு கூட்டமா ஏறி இறங்குற கிளையில எதுக்கு ஏறுதுன்னு மட்டும் பார்த்துடுங்க.

பார்த்தே ஆக வேண்டியது

வேம்பு. ஆடி ஆவணியில ஆரம்பிச்சு மழை முடியுற வரைக்கும் நுனிக் கொழுந்து கருகி, கிளை கிளையா பழுப்பாகி, தீயில வாட்டின மாதிரி நிக்கும். ஃபோமாப்சிஸ் அசாடிராக்டேன்னு ஒரு பூஞ்சை தான் நுனிக்கருகலுக்குக் காரணம், தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி கொழுந்துல சாறு உறிஞ்சும், அது எச்சில் பட்ட இடமும் கருகும், அந்தக் காயத்துல பூஞ்சை சுலபமா நுழையும். 2021ல தெலங்கானாவுல ஊர் ஊரா வேம்பு இப்படி கருகினப்போ பெரிய செய்தியாச்சு, நம்ம பக்கமும் பார்த்தோம். இதுல முக்கியமானது என்னன்னா, கருகின வேம்பு பல தடவை தை மாசிக்கு மேல திரும்பத் துளிர்க்கும். எங்க லிஸ்ட்ல 3 மார்க் வாங்கின ஒரு வேம்பை "செத்துப்போச்சு, வெட்டிடலாம்"னு வீட்டுக்காரர் ஒத்தக் கால்ல நின்னார், சார் பங்குனி வரைக்கும் மட்டும் பொறுங்கன்னு கெஞ்சி நிறுத்தினோம், பங்குனியில பூத்துடுச்சு, இப்போ அவர் எங்களை விட ஜாஸ்தி கணக்கு எழுதுறார். ஆவணியில இருந்து மார்கழி வரைக்கும் வேம்பை மட்டும் 15 நாளுக்கு ஒரு தடவை பாருங்க. இலை மேல மஞ்சளா பொருக்கு மாதிரி ஒட்டியிருந்தா அது செதில் பூச்சி, அதை ஷீட்ல வேற கட்டத்துல எழுதணும், எல்லாத்தையும் "கருகல்"னு ஒரே வார்த்தையில போட்டுடாதீங்க.

தென்னை வச்சிருக்கவங்க, முக்கியமா பெசன்ட் நகர் திருவான்மியூர் பக்கம், ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா மெழுகு, கீழ நிறுத்தின கார் மேல பிசுபிசுப்பு, அடுத்த கீத்துல கரி பூசின மாதிரி கரும்பூசணம், இது மூணும் சேர்ந்தா ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016ல பொள்ளாச்சி பக்கம் முதல்ல தெரிஞ்சது. கருப்பைப் பார்த்து பூஞ்சை மருந்து அடிக்கிறாங்க, தப்பு, அந்தக் கருப்பு ஈ விடுற தேன் மாதிரி கழிவு மேல வளர்றது, ஈ போனா அதுவும் போயிடும். வேகமா தண்ணி பீய்ச்சி அடிக்கிறது, மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுறது, இதுவே நிறைய குறைக்கும். மீதியை என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி பார்த்துக்கும், ஈயோட குஞ்சு கருப்பா மாறி இருந்தா குளவி வந்துடுச்சுன்னு அர்த்தம், அந்த ஓலையை வெட்டி எறியாதீங்க.

மருந்து விஷயத்துல நான் பிடிவாதக்காரன், காரணம் இருக்கு. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணையும் விடல, விவசாயிங்க மருந்தா அடிச்சுப் பார்த்தாங்க, அடங்கல. 2010ல பெங்களூர்ல இருக்க தேசிய பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு ஒட்டுண்ணிக் குளவி (பூச்சிக்குள்ளயே முட்டை வச்சு அதைக் கொல்ற குட்டிக் குளவி) கொண்டு வந்துச்சு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் மையங்களும் அதைப் பெருக்கி ஊர் ஊரா கொடுத்தாங்க, அதுல அசெரோஃபேகஸ் பப்பாயேங்கிற ஒண்ணு தான் வேலையை முடிச்சுச்சு. எங்க விடணும்னு தெரியறதுக்கு எங்க பூச்சி இருக்குன்னு யாராவது சொல்லணும், விட்ட இடத்துல மருந்து அடிக்காம இருக்க யாராவது பேசணும், அது ரெண்டும் விஞ்ஞானி தனியா பண்ற வேலை இல்ல. அதனால தெருவுல, ஸ்கூல் பசங்க போற இடத்துல, பறவைக் கூடு இருக்க மரத்துல நீங்களா பூச்சி மருந்து அடிக்காதீங்க. தொட்டிச் செம்பருத்தியில மாவுப்பூச்சின்னா தண்ணி பீய்ச்சுங்க, வேப்பெண்ணெய் சோப்புத் தண்ணி அடிங்க, அத்தோட நிறுத்துங்க.

சாம்பிளும் தகவலும் யார்கிட்ட எப்படி போகணும்

இதுல தான் நிறைய குரூப் சொதப்புது. செத்துக் காய்ஞ்ச குச்சியை அனுப்பினா லேப்ல ஒண்ணும் கிடைக்காது, முழுசா பச்சையா இருக்கறதும் உதவாது, உயிரும் சாவும் சந்திக்கிற இடம் நடுவுல வர்ற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்க. நியூஸ்பேப்பர்ல சுத்துங்க, ஈரமா பாலிதீன்ல போட்டா ரெண்டு நாள்ல வேற பூஞ்சை வளர்ந்து எல்லாத்தையும் கெடுத்துடும். பூச்சின்னா மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊத்தின சின்ன பாட்டில்ல போட்டுடுங்க, உயிரோட டப்பாவுல எடுத்துக்கிட்டு பஸ்ல ஊரைச் சுத்தாதீங்க, நீங்களே பரப்பின மாதிரி ஆயிடும். சீட்டை பென்சில்ல எழுதி உள்ளயே போடுங்க, பேனா மை ஸ்பிரிட்ல கரைஞ்சுடும், எனக்கு ஆறு பாட்டில் அப்படி அநாதையா போச்சு. திங்கள் செவ்வாய்ல கொண்டு போய் கொடுங்க, வெள்ளிக்கிழமை கொடுத்தா ரெண்டு நாள் மேஜை மேல கிடக்கும்.

சென்னையில பூச்சின்னா லயோலா காலேஜ்ல பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, பூஞ்சைன்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டி கிண்டி கேம்பஸ் தாவரவியல் துறை, வனமரம்னா கோயம்புத்தூர்ல வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம். மரம் அடையாளம் கண்டுபிடிக்கப் பழகணும்னா 2005ல இருந்து இயங்குற நிழல் அமைப்போட மர நடைகளுக்குப் போங்க. யாரைப் பார்த்தாலும் ஒரு மரியாதை வேணும்: போய் நிக்காதீங்க, முதல்ல மெயில் போடுங்க, மூணு போட்டோ போதும், முழு மரம், பாதிச்ச பகுதி, கிட்டத்துல பூச்சி. கூடவே ஷீட்ல இருந்து அந்த மரத்தோட ஆறு மாச வரிகள். அந்த ஆறு வரி பார்த்ததும் அவங்க பேசுற தோரணையே மாறிடும், நீங்களும் ஒரு சக வேலைக்காரர்ங்கிற மாதிரி. பதில் வந்ததும் என்ன பூச்சின்னு ஷீட்ல ஏத்துங்க, பதில் சொன்னவருக்கு மூணு மாசம் கழிச்சு மரம் எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க, யாருமே எழுதறதில்ல, அவங்களுக்கு அது தான் வேணும்.

மாநகராட்சிக்கு 1913ல புகார் பதிவு பண்ணுங்க, புகார் எண்ணை ஷீட்ல எழுதுங்க. ஆனா அது மட்டும் பத்தாது, உங்க வார்டு பூங்கா துறை ஆளை மாசம் ஒரு தடவை நேர்ல பார்த்து ஒரே ஒரு பக்கம் கொடுங்க, 52 மரத்தையும் இல்ல, இந்த மாசம் மாறின அஞ்சு மரம் மட்டும். அவங்களுக்கு ஆள் பத்தாது, வண்டி பத்தாது, 52 வரி கொடுத்தா ஃபைல்ல தூங்கும், அஞ்சு வரி கொடுத்தா ரெண்டு வேலையாவது நடக்கும். மரத்தை வெட்டணும்னு யார் சொன்னாலும் மாவட்ட பசுமைக் குழு அனுமதி இருக்கான்னு கேளுங்க.

கவாத்துக்கு வர்றப்போ கூடவே நில்லுங்க. ஒரு வருஷம் கிளை கழிக்க வந்த ஆளுங்க கருகின வேம்பை வெட்டின அதே அரிவாளோட அடுத்த நல்ல வேம்புக்கு ஏறிட்டாங்க, நாங்க பார்த்துக்கிட்டு தான் நின்னோம், எங்க தப்பும் தான். இப்போ ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் துணியும் கொண்டு போறோம், டீ வாங்கிக் கொடுத்து அண்ணே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தடவை துடைச்சுக்கலாம்னு சொன்னா யாரும் மாட்டேங்கறதில்ல. கிளை தண்டோட சேர்ற இடத்துல ஒரு வளையம் மாதிரி தடிப்பா இருக்கும், அதை விட்டு வெளிய வெட்டணும், அப்போ தான் காயம் மூடும். உச்சியை மொட்டையடிச்சா அடுத்த வருஷம் பலவீனமா நிறைய கிளை வெடிக்கும், அது காத்துல முதல்ல முறியும்.

காத்துன்னதும் ஒண்ணு. 2016 டிசம்பர் 12 வர்தா அடிச்ச மறுநாள் விழுந்து கிடந்த மரங்களோட அடியைப் போய்ப் பார்த்தேன், பலதுக்கு ஒரு பக்கம் வேரே இல்ல, சிமென்ட் சதுரம் மட்டும் அப்படியே பெயர்ந்து வந்திருந்துச்சு. அதனால ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தனி ரவுண்டு போங்க, கேனோடெர்மா இருந்தது, வேர் வெட்டினது, சாய்ஞ்சது, இந்த மூணை மட்டும் பிரிச்சு எழுதி பூங்கா துறைக்கு கொடுங்க. தண்டைச் சுத்தி ஒரு மீட்டர் சிமென்ட் உடைக்கச் சொல்லி அப்போவே கேளுங்க, ஆனா உடைக்கிறவர் கடப்பாரையை வேர் மேல போடாம பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க. புயல் முடிஞ்ச மறுநாள் காலையில மறுபடி ஒரு நடை, மரத்து அடியில மண்ணு வெடிச்சிருக்கா, ஒரு பக்கம் தூக்கியிருக்கா, நேத்து போட்டோவை விட சாய்வு கூடியிருக்கா. வெடிச்சிருந்தா கீழ நிக்கிற வண்டிகளை எடுக்கச் சொல்லிட்டு, இஸ்திரி அண்ணனை அன்னிக்கு மட்டும் எதிர் பக்கம் போகச் சொல்லிட்டு, 1913க்கு அடிங்க. வயர் அறுந்து கிடந்தா டேப்பும் வேணாம் சுத்தியும் வேணாம், கிட்டயே போகாதீங்க.